ஓடைக்கு அந்தப் பக்கத்து மழை

எங்கள் ஹாலோவே மாவட்டத்தில் தபால் உறைகளுக்கு எச்சில் தேவையில்லை. ஜூன் பிறந்துவிட்டால் பெட்டியில் கிடக்கிற உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். மரக்கதவுகள் ஊதிச் சட்டத்துக்குள் இறுகிவிடும், தோளால் இடித்தால்தான் திறக்கும். உப்புக் குப்பியில் நாலு அரிசி போட்டு வைக்காவிட்டால் உப்பு விழாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் போடுகிற ஷூவைச் சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் அதன்மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய எல்லா நாளும் மத்தியானம் மூன்று மணிக்கு இடிமழை உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒருவருடைய பருத்தி வயலில் கொட்டும், வேலிக்கு இந்தப் பக்கம் அடுத்தவருடைய நிலக்கடலை காய்ந்து கிடக்கும். தார் ரோட்டின் ஒரு பாதி நனைந்தும் மறுபாதி காய்ந்தும் இருக்க, நடுக்கோட்டின் மேலேயே நான் கார் ஓட்டியிருக்கிறேன். நான் இங்கே இருபத்தாறு வருஷம் கிராமத்து வழிகளில் தபால் போட்டவள். என் பெயர் நெல்டா. இந்தக் கதை என்னுடையதல்ல. என் வழியில் ஹாட்சி ஓடைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் தனித்தனியாக வாழ்ந்த இரண்டு பேருடையது.

இந்தப் பக்கம் ராய்ஸ் டில்லரி. அவர் முற்றத்தில் வானிலை அலுவலகம் ஒரு மழைமானியையும், சின்னத் தேனீப்பெட்டி மாதிரி வெள்ளையடித்த ஒரு மரக்கூட்டையும் வைத்துக் கொடுத்திருந்தது. கூட்டுக்குள் வெப்பமானிகள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. தினமும் காலை ஏழு மணிக்கு நேற்றைய மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு தணிந்தது என்று பார்த்து எழுதி, மாதக் கடைசியில் படிவத்தை அனுப்ப வேண்டும். 1958லிருந்து அவர் ஒரு காலையும் விட்டதில்லை.

அவர் மனைவி ஜூவல் அதற்கு நாலாம் வருஷம் டெக்சஸில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனவள், திரும்பவில்லை. மூன்று நாளில் ரொட்டி பச்சை பிடிக்கிற ஊரில் மனுஷி எப்படி இருப்பது என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சண்டை ஒன்றும் இல்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த அன்றும் மழைமானியைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

தபால் பெட்டி அருகே அவர் நின்றிருந்தால் நான் ஒரு நிமிஷம் நிறுத்துவேன்.

"எப்படி இருக்கு மிஸ்டர் ராய்ஸ்?"

"நேத்து தொண்ணூத்தாறு டிகிரி. ராத்திரி எழுபத்தேழுக்குக் கீழ இறங்கல."

"நான் உங்களைக் கேட்டேன், வானத்தை இல்ல."

"என்னையும்தான் சொல்றேன், பொண்ணே. ராத்திரி எழுபத்தேழுன்னா எவன் தூங்குவான்?"

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்புறம் நாற்பத்தோரு வீடு இருக்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் லாமார் மேஃபீல்டும் அவர் மனைவி வெர்னிஸும் இருந்தார்கள். கல்யாணமானவள்தான், ஆனால் நாங்கள் எல்லோரும் மரியாதைக்கு அவளை மிஸ் வெர்னிஸ் என்போம். ராய்ஸ் வீட்டிலிருந்து அவர்கள் வீடு அரை மைல்தான், ஆனால் நடுவில் ஓடை. ஓடையின்மேல் கைப்பிடி இல்லாத தாழ்வான ஒரு பலகைப் பாலம். அது வேண்டாமென்றால் நெடுஞ்சாலையைச் சுற்றிப் பதினோரு மைல் போக வேண்டும்.

லாமார் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். 1975இல் ஒரு நாள் நிறுத்தினார், அப்புறம் தொடவில்லை. சர்ச்சில் நாற்காலி போடுவதிலிருந்து சவப்பெட்டி தூக்குவது வரை எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஊரும் ஒருவழியாக அவரை நம்ப ஆரம்பித்திருந்தது.

1979 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அவருடைய வண்டி அந்தப் பாலத்திலிருந்து ஓடைக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் இரண்டு மைல் கீழே, சைப்ரஸ் மர வேர்களுக்கு நடுவில் அவரைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து ஓடை முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு மனிதன் எப்படிச் சாவான் என்று ஷெரீஃபின் ஆட்களுக்குச் சந்தேகம். அவர்களில் ஒருவர் ராய்ஸிடம் வந்து கேட்டார்.

"நேத்து மழை எவ்வளவு மிஸ்டர் டில்லரி?"

ராய்ஸ் படிவத்தைப் பார்த்தார். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"அப்ப வெள்ளம் வந்திருக்காதுன்னு சொல்லலாமா?"

"இந்தப் பக்கமெல்லாம் மழையே இல்லை" என்றார் ராய்ஸ்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வெள்ளம் இல்லையென்றால் வண்டி தானாகப் பாலத்திலிருந்து விழுந்தது. தானாக விழுந்தது என்றால் ஓட்டியவன் நிதானத்தில் இல்லை. காகிதத்தில் அப்படி எழுதவில்லை, ஆனால் சவ அடக்கத்துக்கு வந்த அத்தனை பேருடைய முகத்திலும் அது எழுதியிருந்தது. லாமாரின் வயதான தாய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மிஸ் வெர்னிஸ் ராய்ஸ் வீட்டுக்கு நடந்தே வந்தாள். நான் அப்போது பெட்டியில் தபால் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் கேட்டேன்.

"எங்க பக்கம் கொட்டுச்சு ராய்ஸ். எங்க களஞ்சியம் கண்ணுக்குத் தெரியல, அப்படி ஒரு மழை. அதை எழுதுங்க."

"என் டப்பாவுல விழுந்ததைத்தான் நான் எழுத முடியும், மிஸ் வெர்னிஸ்."

"உங்க டப்பாவுல விழலன்னு எனக்கும் தெரியும். பொய் எழுதச் சொல்லல. ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன பெஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அந்த ஷெரீஃப் ஆள்கிட்ட போய் அந்த ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

ராய்ஸ் தொப்பியைக் கையில் எடுத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "இருபத்தோரு வருஷமா எழுதறேன். ஒரு தடவை மாத்திச் சொன்னா அப்புறம் எதை நம்புவாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காரில் ஏறச் சொன்னேன், மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு வந்த வழியே நடந்தாள். அதன்பிறகு ஒன்பது வருஷம் அவள் ராய்ஸோடு பேசவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். அவள் மகள் டெனிட்டா மொபீல் நகரத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள், லாமாரின் தாயும் இறந்துவிட்டாள். வெர்னிஸ் அந்த வீட்டில் ஒரு கோவேறு கழுதையோடும், ஏழெட்டுக் கோழிகளோடும், மழைக்கு ஊதிப்போகிற கதவுகளோடும் இருந்தாள். இந்தப் பக்கம் ராய்ஸ் தன் வெள்ளைக் கூட்டோடு இருந்தார். ராத்திரியில் இருவருடைய விளக்கும் ஒன்றுக்கொன்று தெரியும் என்று அவள் பிற்பாடு ஒரு முறை என்னிடம் சொன்னாள். அந்த ஆள் ஒன்பது மணிக்கு அணைக்கிறார், நான் ஒன்பதரைக்கு, என்றாள்.

1988 ஆகஸ்டு. பத்தொன்பது நாளாக எங்கும் மழை இல்லை. காற்று மட்டும் ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. சிக்காடாப் பூச்சிகள் காலையிலேயே கத்த ஆரம்பித்துவிடும். என் காரில் குளிர்சாதனம் கிடையாது, ஜன்னல்களைத் திறந்துபோட்டு ஓட்டினாலும் அடுப்பின் வாயைத் திறந்தது போலத்தான் இருக்கும். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு நான் மிஸ் வெர்னிஸின் பெட்டிக்கு வந்தபோது மேற்கே மேகம் கறுத்து, கீழே தட்டையாகவும் மேலே காலிஃபிளவர் மாதிரியும் எழும்பி நின்றது.

அவள் முற்றத்தில் துணி துவைத்து முடித்து, தகரத் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நெல்டா, இருந்துட்டுப் போ. இது நல்லா வரப்போகுது."

"இன்னும் பதினெட்டு வீடு இருக்கு, மிஸ் வெர்னிஸ்."

"அவங்க எல்லாம் எங்கயும் ஓடிட மாட்டாங்க."

"நானும் கரைஞ்சிட மாட்டேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

அவள் வீட்டுக்கு அப்பால், ஓடையின் மேல்கையில், தண்ணீர் வருகிற பக்கமாக, இன்னும் மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. அது சொட்டுச் சொட்டாகத் தொடங்கவில்லை. வாளியைச் சாய்த்தது போல ஒரேயடியாக விழுந்தது. வைப்பர் ஓடுவது தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி இருபது, இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். குறைகிற வழியாக இல்லை. தபாலெல்லாம் நனைகிறதே என்ற கவலை. மெல்ல உருட்டிக்கொண்டு பாலத்துக்கு இறங்கினேன். அங்கே மழைத்திரை கொஞ்சம் மெலிந்து எதிர்க்கரை தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் ராய்ஸ் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பாலத்தின் மேல் தண்ணீர் மெல்லிசாக ஓடியது. பலகைகள் அடியில் தெரிவது போலத்தான் இருந்தது. நாலு விரல் தண்ணீர் என்று நினைத்தேன். முன்சக்கரத்தை ஏற்றப் போனபோது எதிர்க்கரையில் ஏதோ வெள்ளையாக ஆடியது.

ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தார். எழுபது வயது மனிதர், வெற்று மார்போடு, வாயைத் திறந்து கத்துகிறார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, மழைச் சத்தம்தான் கேட்டது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அவர்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் காலடியில் அவருடைய நிழல் விழுந்திருந்தது.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கி, பாலத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. நான் பின்னால் எடுப்பதற்குள் ஓடையில் ஒரு பெரிய மரத்தண்டு உருண்டு வந்து பாலத்தில் மோதியது. நடுவிலிருந்த பலகைகள் ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டன. பிறகு அங்கே பாலம் இல்லை, பழுப்புத் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கியர் விழவே இல்லை. மூன்று முறை முயன்று பின்னால் எடுத்தேன்.

ராய்ஸ் இப்போது கத்தவில்லை. சட்டையைக் கீழே விட்டுவிட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தவரை அப்படியே நின்றார்.

மிஸ் வெர்னிஸின் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். எனக்கு ஒரு துண்டையும் சூடான காப்பியையும் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த ஆள் மேல வெயில் அடிச்சுதா?"

"ஆமா."

"சட்டை நனைஞ்சிருந்துதா?"

"காஞ்ச சட்டை. காத்துல விரிஞ்சு ஆடிச்சு."

அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். மழை விட்டதும் எழுந்து, மகளுடைய பள்ளிக்கூட அளவுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அந்தத் தகரத் தொட்டி நிமிர்ந்து கிடந்தது. பக்கங்கள் சரியாமல் நேராக எழும்பும் பழைய தொட்டி அது. அளவுகோலை நிறுத்திப் பார்த்தோம். ஐந்தே முக்கால் அங்குலம்.

"நீ வந்தப்ப இதைக் கவுத்து ஊத்தினேன். நீ பார்த்த."

"பார்த்தேன்."

"யாரும் இதைத் தொடக் கூடாது" என்று தொட்டிமேல் ஒரு பலகையைப் போட்டு மூடினாள். அந்த வீட்டில் தொடுவதற்கு வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ராய்ஸ் நெடுஞ்சாலை வழியாகப் பதினோரு மைல் சுற்றி, தன் பழைய வண்டியில் அங்கே வந்தாராம். கையில் அளவுக்குச்சியும் படிவமும். அவள் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பகுதியை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

"மிஸ் வெர்னிஸ், உங்க தொட்டியைப் பார்க்கலாமா?"

அவள் பலகையை எடுத்தாள். அவர் மண்டியிட்டு அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"உங்க டப்பாவுல எவ்வளவு?" என்று அவள் கேட்டாள். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை.

"ஒண்ணுமில்ல. ஒரு சொட்டுகூட இல்ல. நான் வெயில்ல உக்காந்து பீன்ஸ் உரிச்சிக்கிட்டு இருந்தேன். ஓடை சத்தம் கேட்டுதான் எழுந்து போனேன். கால் மணி நேரத்துல முழங்கால் தண்ணி பாலத்துக்கு மேல ஏறிடுச்சு. என் கண் முன்னால."

"லாமாரும் அதைத்தான் பார்த்திருப்பாரு."

"ஆமா."

"நாலு விரல் தண்ணின்னு நெனச்சிருப்பாரு. நெல்டா நெனச்ச மாதிரி."

"ஆமா, மிஸ் வெர்னிஸ்." அவர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். "இந்தப் பக்கமெல்லாம் மழையே இல்லைன்னு அந்த ஆள்கிட்ட சொன்னேன். என் டப்பாவுல இல்லைன்னு சொல்லியிருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெரியாததைச் சேர்த்துச் சொல்லிட்டேன்."

அவள் மிச்சத் தீனியை வீசினாள். பிறகு, "இதை எனக்குச் சொல்லி என்ன ஆகும்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே" என்றாள்.

ராய்ஸ் வீட்டுக்குப் போய் வானிலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்தான் எடுத்துப் போனேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பழைய எண்ணை மாற்ற முடியாது, அது மழைமானியில் விழுந்ததுதானே, வேண்டுமானால் அந்த மாதத்துப் படிவத்தோடு ஒரு குறிப்பை இணைத்து வைக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். குறிப்பை எழுதி அனுப்பினார். ஷெரீஃப் அலுவலகத்துக்கும் போனார். அன்றைக்கு விசாரித்த ஆள் ஓய்வு பெற்று ஃப்ளோரிடா பக்கம் போய்விட்டாராம். மேஜைக்குப் பின்னால் இருந்த புதிய ஆளுக்கு லாமார் மேஃபீல்ட் யார் என்றே தெரியவில்லை. "அந்த ஃபைல்ல யாரும் எந்தத் தப்பும் எழுதலையே சார், விபத்துன்னுதானே இருக்கு" என்றாராம். அதுவும் உண்மைதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஸ் வெர்னிஸ் போகிற சர்ச்சுக்கு ராய்ஸ் வந்தார். அது என் சர்ச்சும்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாராவது எதையாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று போதகர் கேட்கிற இடத்தில் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். தொப்பி கையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"லாமார் போன அன்னிக்கு ஓடைக்கு மேல்கையில மழை கொட்டியிருக்கு. நான் இல்லைன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது, ஆனா சொன்னேன். அதனால சில பேர் அவரைப் பத்தி வேற மாதிரி நெனச்சீங்க. அது என் தப்பு. அவர் குடிச்சிருக்கலன்னு நான் நம்பறேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். போதகர் நன்றி சொல்லி அடுத்த பாட்டுக்கு எண் சொன்னார். பாடினோம். அதன்பிறகு வெளியே மரத்தடியில் வழக்கம்போல் சாப்பாடு. கோழி வறுவலும் சோள ரொட்டியும் தட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "எந்த லாமார்? பால் வண்டி ஓட்டினானே, அவனா?" இன்னொருத்தர், "ஒன்பது வருஷம் கழிச்சு இதைக் கிளறுவானேன், பாவம் அந்தப் பொம்பளை" என்றார். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் வெர்னிஸிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தலையசைத்தாள்.

ராய்ஸ் தன் வண்டிக்கருகே தனியாக நின்றிருந்தார். அவருக்கு யாரும் தட்டு கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கடைசியில் வெர்னிஸ் ஒரு தட்டில் போட்டு எடுத்துப் போனாள். நான் ஐஸ் டீயோடு பின்னால் போனேன்.

"அவங்க அம்மா உயிரோட இருக்கிறப்ப சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

"சாப்பிடுங்க. ஆறிடும்."

அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். அவள் அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்தில் நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டு போகும்போதுதான் திரும்பி, "உங்க கிட்ட இன்னொரு டப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

அக்டோபரில் மாவட்டத்துக்காரர்கள் பாலத்தை மறுபடி போட்டார்கள், இந்தத் தடவை உயரமாக, கான்கிரீட்டில். பாலம் திறந்த வாரமே அவள் வேலிக்கம்பத்தில் ராய்ஸ் ஒரு சின்ன மழைமானியை வைத்துக் கொடுத்தார். தினமும் காலை ஏழேகாலுக்கு அவள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எண்ணைச் சொல்வாள். அவர் அதைப் படிவத்தின் குறிப்புப் பகுதியில், ஓடைக்கு அந்தப் பக்கம் என்று போட்டு எழுதுவார். அலுவலகம் அதைக் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

முதல் வருஷம் எண் மட்டும்தானாம். "முப்பத்திரண்டு" என்பாள், வைத்துவிடுவாள். அங்குலத்தை நூறாகப் பங்கிட்டால் அதில் முப்பத்திரண்டு பங்கு என்று அர்த்தம். மழை இல்லாத நாளில் "இல்ல" என்பாள், வைத்துவிடுவாள். இரண்டாம் வருஷம் ஒரு காலையில், "இல்ல. மூடுபனி. கழுதையைக் காணோம், சத்தம் மட்டும் வருது" என்றாளாம். ராய்ஸ் இதை என்னிடம் பெட்டியருகே சொன்னபோது, அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்கயும் மூடுபனின்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது, பொண்ணே? மூடுபனிதானே இருந்தது."

அப்படியே நாலு வருஷம் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக வாக்கியங்கள் சேர்ந்தன. கோழி அடைகாப்பதைச் சொல்வாள், கதவு திறக்கவில்லை என்பாள். அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கதவின் விளிம்பைச் சீவிக் கொடுத்துவிட்டு வருவார். உள்ளே போய் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. வாசற்படியில் நின்றபடியே ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டு வருவார். அவர்களுக்குள் வேறு ஏதாவது உண்டா என்று தபால் நிலையத்தில் கேட்டார்கள். மழை உண்டு என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

1993 வசந்தத்தில் அவளுக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது. இந்த ஈரக் காற்றில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டெனிட்டா வந்து மொபீலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். மொபீலில் எங்களைவிட அதிக மழை, ஆனால் மகள் வீட்டில் குளிர்சாதனம் இருந்தது. கழுதையை ஒரு குடியானவருக்குக் கொடுத்துவிட்டாள். கிளம்புகிற அன்று ராய்ஸ் வந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். நானும் அங்கே இருந்தேன், முகவரி மாற்றும் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

"டப்பாவை எடுத்துட்டுப் போறீங்களா?" என்று அவள் வேலியைக் காட்டிக் கேட்டாள்.

"இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கறேன்."

"தினமும் இவ்வளவு தூரம் எதுக்கு?"

"அரை மைல்தானே."

அவள் காரில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை இறக்கினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "கதவு நல்லா சாத்துதான்னு பாருங்க ராய்ஸ்" என்றாள். அவர் போய்ப் பார்த்தார். கார் அதற்குள் கிளம்பிவிட்டது.

அந்தக் கோடையில் மொபீலிலிருந்து மிஸ் வெர்னிஸின் கையெழுத்தில் அவருக்கு இரண்டு கடிதம் வந்தது. செப்டம்பரில் வந்த மூன்றாவது டெனிட்டாவின் கையெழுத்தில் இருந்தது. மெல்லிய உறை, வழக்கம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஹாரன் அடித்தேன். அவர் வந்து வாங்கி, உறையின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப போனாங்கன்னு அதுல இருக்கும்" என்றார்.

"நான் வேணா படிக்கட்டுமா மிஸ்டர் ராய்ஸ்?"

"அப்புறம். அங்க பார்த்துட்டு வந்துடறேன்."

ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். அன்று காலையில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் அந்தப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லையாம். ஏறுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். தபால் வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது. அவர் ஏறி, மடியில் தபால் கட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வீட்டின் முன்படிகளைக் கொடிகள் மூடத் தொடங்கியிருந்தன. அவர் இறங்கி வேலிக்குப் போனார். நான் எஞ்சினை நிறுத்தினேன். நல்ல நாள் அது. காற்றில் ஈரம் குறைந்து, வருஷத்தில் முதல் தடவையாக வடக்கிலிருந்து லேசாக வீசியது. அவர் டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கவிழ்த்தார், திரும்ப மாட்டினார். பிறகு கடிதத்தை எடுத்து, வேலிக்கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே படித்தார். சின்னக் கடிதம்தான். படிக்க வெகுநேரம் ஆயிற்று.

வந்து காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"பன்னிரண்டு" என்றார். "ராத்திரி பெஞ்சிருக்கு. எங்க பக்கம் இல்ல."

நான் சாவியைத் திருப்பவில்லை. அவரும் போகலாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு என் வழியில் மிச்சமிருந்த வீடுகளுக்கெல்லாம் தபால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது.